மூழ்க மறுத்த போர்க்கப்பல்

கடலில் கால் நனைக்காமலேயே கடற்போரைக் கரைத்துக் குடித்தவர்கள் என்றோர் இனம் உண்டு. வளைகுடா நாடுகளில் இவ்வினம் செழித்து வளர்கிறது. வெள்ளிக்கிழமை விடுமுறையும் குளிரூட்டிய அறையும் போதும். பஹ்ரைனில், ஈசா டவுனில் குடியிருந்த பத்மநாபன் இதற்குச் சரியான மாதிரி. ஏசி இறக்குமதி செய்யும் கம்பெனியில் கணக்கர். ஆனால் அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள்: பாய்மரப் போர்க்கப்பலுக்கு விலாவெலும்புபோல் சட்டங்களை எத்தனை நெருக்கமாக நிறுத்தினார்கள், உள்ளும் புறமும் பலகை அறைந்து இடுக்குகளில் சணலையும் கீல் என்னும் தாரையும் எப்படி அடைத்தார்கள், பீரங்கிக் குண்டைவிடத் தெறிக்கும் மரச்சிம்புகளே ஏன் அதிகம் பேரைக் கொன்றன என்றெல்லாம் விளக்கி, உங்கள் தேநீர் ஆறி, ஆடை படிந்து, நீங்களே மூழ்கத் தொடங்கும்வரை விடமாட்டார். தப்ப முடியுமா? முடியாது.

1976ஆம் ஆண்டு, அங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழாவுக்கு அவருடைய மனைவி சந்திரகலா ஒரு சரித்திர நாடகம் எழுதினார். முதல் நாடகம். இறுதிக் காட்சியில் அரசர் சுட, எதிரியின் கப்பல் பிளந்து மூழ்க, சபை கண்ணீர் விடவேண்டும் என்பது அவர் கனவு.

"ஏங்க, அட்டையில ஒரு கப்பல் செஞ்சு குடுங்க. ஒரே குண்டுல ரெண்டாப் பிளக்கணும்."

"மூணு அடுக்குப் பலகை ஒரே குண்டுல பிளக்கும்னு எந்த மடையன் சொன்னான்?"

"நான்தான் எழுதியிருக்கேன்."

பத்மநாபன் வாயை மூடினார், அறிவை மூடவில்லை. ஏசி வந்திறங்கிய மரப்பெட்டிகளைப் பிரித்து, அட்டைக்குப் பதில் மரத்திலேயே கப்பல் கட்டினார். சட்டம், பலகை, சணல், கீல் என ஒன்றும் குறையவில்லை.

விழா மேடையில் அரசர் முழங்கினார். கறுப்புப் பூசிய ரப்பர் பந்து பறந்தது. கப்பலில் மோதித் திரும்பி, அரசரின் கிரீடத்தையே தட்டிவிட்டது. இரண்டாவது பந்து அவர் மீசையைக் கொண்டுபோயிற்று. எதிரித் தளபதியாகக் கப்பலில் நின்ற கோபாலசாமி விழித்தார்.

"மூழ்குங்க சார்!" என்று திரைமறைவிலிருந்து சந்திரகலா சீறினார்.

"எப்படிம்மா மூழ்குறது? பாறை மாதிரி நிக்குதே!"

"கலாஸ், முடிஞ்சுபோச்சு! ராஜா, நீங்களே சரணடைஞ்சிடுங்க!" என்றது பின்வரிசை.

அப்போதாவது பத்மநாபன் வெட்கினாரா? கப்பலுக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, பலகையைத் தட்டி, "பாருங்க, கீறல்கூட இல்லை!" என்று சபைக்கு அறிவித்தார். மனைவியின் முகத்தைக் கண்ட பிறகே, தாம் எந்தப் போரில் சிக்கியிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

கோபாலசாமி வாளை வீசினார். "கப்பல் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வாழப் பிடிக்கலை!" என்று அலறி, மேடையிலிருந்து குதித்தார்.

சபை சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டது.

"எப்படியோ அழுதாங்களே" என்றார் பத்மநாபன், காரில்.

"அடுத்த நாடகத்துல கப்பலே கிடையாது. பாலைவனம்தான்."

அவர் சற்று யோசித்தார். "ஒட்டகச் சேணம் எந்த மரத்துல செய்வாங்கன்னு தெரியுமா உனக்கு?"

சிரிக்கிறீர்களா, வாசகரே? ரப்பர் பந்து அட்டைக் கப்பலையும் பிளக்காதே, யாராவது கயிறு கட்டி இழுத்திருக்க வேண்டுமே என்று சற்றுமுன் உங்கள் மனம் முணுமுணுத்ததல்லவா? அப்படியானால் நீங்களும் அவர் இனம்தான்; சேணம் செய்ய ஆள் தேடுகிறார்கள். சந்திரகலாவின் மேல் இரக்கமிருந்தால், தயவுசெய்து முன்வராதீர்கள்.