மாப்பிள்ளையின் பாசிக்கு ஒரு கரண்டி யூரியா

கப்பலேறி நடுக்கடலில் ஆராய்ச்சி செய்துவரும் மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமும், எங்களை நம்பி நீங்கள் விட்டுச்சென்ற கண்ணாடி ஜாடியின் நலமும்தான் என் அன்றாடக் கவலை.

நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன், கோபத்தை என் மகளிடம் காட்ட வேண்டாம். நடுக்கடலில் உரம் கிடையாது, ஜாடியில் இருக்கும் இந்த நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தானே சமைத்துக்கொள்ளும், அதிலிருந்து கசிவதை வைத்து மற்ற நுண்ணுயிர்கள் பிழைக்கும், அவற்றை நம்பி மீன்கள் பிழைக்கும், ஆகவே இதற்கு உரம் எதுவும் போட்டுவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். உங்கள் அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மாப்பிள்ளை வீட்லேர்ந்து வந்திருக்கு, வெறும் உப்புத் தண்ணியிலயா உட்கார வைக்கிறது?" என்று ரோஜாச் செடிக்கு வைத்திருந்த யூரியாவில் ஒரு கரண்டி போட்டுவிட்டாள். உங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு அம்மா வந்து, கொஞ்சம் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டு, "உயிரோடதான் இருக்கு, ஆனா வேலைய நிறுத்திடுச்சு. சாப்பாடு சும்மா கிடைச்சா அது எதுக்குக் கஷ்டப்படும்? இப்படியே போனா உங்க மாப்பிள்ளையோட ஆராய்ச்சி அவ்வளவுதான்" என்றார். அந்த நேரம் பார்த்து, படிப்பு முடிந்தும் வேலைக்குப் போகாத உங்கள் மச்சினன் தட்டை நீட்டி, "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்றான். எனக்குப் பொறி தட்டியது.

ஜாடிக்கு யூரியா இல்லாத புதுக் கடல்நீர் மாற்றினோம். மகனுக்குச் சமையலறையைப் பூட்டினேன். நம்பினால் நம்புங்கள், இரண்டும் வேலையில் இறங்கிவிட்டன. பாசி மறுபடி நைட்ரஜன் பிடிக்கிறதாம். அவன் மீன் பதப்படுத்தும் இடத்தில் ஐஸ் உடைக்கிறான். சும்மா கிடைக்கும் சாப்பாடுதான் சோம்பலுக்கு மூலகாரணம் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி உங்கள் அத்தைக்கு விளக்கினேன். அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு அவள் என்னை மறுத்துப் பேசாதது இதுவே முதல்முறை.

நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நல்லபடியாகக் கரை சேர ஆசிகள்.

இப்படிக்கு,
குடும்பத்தைச் சீர்செய்த மாமனார்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் அத்தை பெட்டியோடு வாசலில் நின்றாள். "காத்தப் பிடிச்சு சமைச்சு இந்த வீட்டுக்கே போட்டுக்கிட்டு இருந்தது நான். உங்களுக்கு யூரியா போட்டுக்கிட்டு இருந்ததும் நான்தான். புதுத் தண்ணியில கொஞ்ச நாள் இருந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். வேலை செய்கிற துணை ஒன்றாவது வேண்டுமாம், ஜாடியையும் எடுத்துப்போய்விட்டாள். சமையலறைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று மட்டும் உடனே எழுதுங்கள்.