யாரென்று கேட்காமல் சுட்டது பற்றி

பரமத்தி அருகில்,
ஞாயிற்றுக்கிழமை

சூரமங்கலத்தில் இருக்கும் பெரிய மச்சான் சண்முகவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் கந்தப்பன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம், பண்ணையில் கோழிகள் சுகம், தென்னைக்குத் தண்ணீர் பஞ்சமில்லை. பாவாயியும் சுகம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை. அங்கே தாங்களும், அக்காளும், தங்கள் முழங்காலும் எப்படி? பாவாயி போனில் ஒன்று சொல்லியிருப்பாள், அல்லது இன்று சாயங்காலம் சொல்லுவாள். அதற்கு முன்பு என் தரப்பையும் தாங்கள் கேட்டுவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

என் தகப்பனார் வைத்திருந்த கைத்துப்பாக்கி தங்களுக்குத் தெரியும். அவர் காலமானதும் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். கிணற்று மோட்டாரின் கேபிள் திருட்டுப் போனதிலிருந்து அதை என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு ஒரே குறி. விண்ணப்பம் போட்டால், முறையாகப் பயிற்சி எடுத்துத் தேர்வில் தேறினதற்குச் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். லாரி ஓட்டினவன், போர் போடும் ரிக் வண்டி ஓட்டினவன், எனக்கா பயிற்சி என்று டீக்கடையில் சத்தமாகவே சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது மச்சான்.

சேலத்தில் அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு ரோட்டில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கழகம். சொல்லிக் கொடுப்பவள் ஆன்சி என்ற பெண், என் மகள் மதுமதி வயதுதான் இருக்கும். முதல் நாள் துப்பாக்கியைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. சுட நினைக்காத எதையும் நோக்கி நீட்டாதே, முடிவு செய்யும்வரை விசையில் விரல் வைக்காதே, எதிரில் இருப்பது யார், அவருக்குப் பின்னால் இருப்பது யார் என்று தெரியாமல் சுடாதே, இதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் கொட்டாவி விட்டேன். எழுத்துத் தேர்வில் துப்பாக்கியை வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள், தலையணைக்கு அடியில் என்று எழுதினேன். "ஏனுங்கய்யா, அந்தத் தலையணை மேல யாரு தலை இருக்கும்?" என்று கேட்டு, சிவப்பு மையால் சுழித்துவிட்டாள். நிஜக் குண்டு போட்டுச் சுடும்போது என் குறி அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் நின்று சுட்ட தீனதயாளன் என்ற ரிட்டயர்டு வாத்தியாரின் அட்டையில் அவர் சுட்டதைவிட அதிகமாக ஓட்டைகள். மனுசன் பூரித்துப் போய் எல்லோருக்கும் போளி வாங்கிக் கொடுத்தார். நானும் வாங்கித் தின்றேன்.

அடுத்தது, வெளியே தெரியாமல் துப்பாக்கியை உடம்பில் வைத்துக்கொண்டு நடக்கிற தேர்வு. கையில் கொடுத்தது சுடாத பொம்மைத் துப்பாக்கிதான். மற்றவர்கள் பேண்ட் போட்டு பெல்ட்டில் உறை மாட்டி வந்திருந்தார்கள், நான் வேட்டி மடிப்பில் செருகினேன். குனிந்து கைக்குட்டையை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். துப்பாக்கி நழுவியது, வேட்டியும் கூடவே கிளம்பியது. ஒரு கையால் மானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் துப்பாக்கியைப் பிடித்தால், விரல் நேராக விசையில். "நிசத் துப்பாக்கியா இருந்தா இந்நேரம் உங்க கட்டைவிரலைத் தேடிட்டு இருப்பமுங்க" என்றாள். அதற்கும் நான் சிரித்தேன்.

கடைசித் தேர்வுதான் மச்சான். வீடு மாதிரி தட்டி கட்டி, விளக்கை மங்கலாக்கி, அதே பொம்மைத் துப்பாக்கியோடு என்னை உள்ளே நிறுத்தினார்கள். கதவு திறந்து அட்டை மனிதன் வருவான், முதலில் யாரது என்று குரல் கொடுக்க வேண்டும், திருடனா வேண்டியவனா என்று பார்க்க வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். கதவு திறந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. பார்க்கவுமில்லை. டக்கென்று அழுத்திவிட்டேன்.

எதிரில் பாவாயி. கையில் மோர்ச் செம்பு.

என்னோடு சேலம் வந்தவள், அம்மாபேட்டையில் சேலை எடுத்துக்கொண்டு, வெயிலில் காய்கிறாரே என்று எனக்கு மோர் வாங்கி வந்து, வாசலில் ஆளில்லாததால் தவறான கதவைத் திறந்திருக்கிறாள். செம்பு கீழே விழவில்லை. கொஞ்ச நேரம் துப்பாக்கியைப் பார்த்தாள், பிறகு என் விரலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, என்னையவா சுட்டீங்க?"

"பொம்மை பாவாயி, பொம்மை!" என்றேன்.

"அது பொம்மை. நீங்க?"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆன்சி வெளுத்துப்போய் ஓடி வந்து, "கதவைப் பூட்டாதது என்னோட தப்புங்கம்மா" என்று பாவாயி கையைப் பிடித்துக்கொண்டாள். பாவாயி அவளுக்கு அந்த மோரைக் குடிக்கக் கொடுத்தாள். எனக்கு ஒரு சொட்டு இல்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "கோழி திங்க வர்ற நாயக்கூட 'யாரு அது'ன்னு அதட்டுவீங்க. எனக்கு ஒரு வார்த்தை இல்லீங்களே." அதோடு சரி. தட்டில் சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை. அவள் மேல் ஒருநாளும் கையோங்காதவன் நான். கண்ணை மூடினால் அந்த டக் சத்தம் கேட்கிறது மச்சான்.

ஆகவே நாளைக்கே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிடுகிறேன். இந்தக் கை இனி கோழித் தீவனம் மட்டுமே அள்ளும். தாங்கள்தான் தங்கைக்கு ஒரு வார்த்தை சொல்லி அவளைப் பேச வைக்க வேண்டும். அக்காளுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் இருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும்.

இப்படிக்கு, நடுக்கம் தீராத
கந்தப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் கழகத்தின் முதலாளி மோகன்குமார் போன் செய்தார். ஆன்சி என்னைத் தேறவில்லை என்று போட்டிருந்தாளாம். ஆனால் தேர்வு விதிகளில் மனைவி மோரோடு வருவது இல்லாததால் அந்தச் சுற்று செல்லாது என்று இவர் தள்ளிவிட்டார். மற்றச் சுற்றுகளுக்கும் எப்படியோ மார்க் போட்டுவிட்டாராம், நான் தேறிவிட்டேன் மச்சான்! சான்றிதழ் தயார், கோட்டுப் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு வரச் சொல்கிறார். எனவே மேலே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்குவதாக எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். தங்கள் கோட்டு எனக்குச் சரியாக இருக்குமா? இவ்வளவையும் பாவாயி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்திருக்கிறாள். இப்போதுதான் திரும்பிப் பார்த்தேன், கையில் துணிப்பை. பேசிவிட்டாள் மச்சான்:

"ஸ்டாம்பு ஒட்டாதீங்க. எங்கண்ணனூட்டுக்குத்தான் போறேன், நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன்."