ஜூலிக்கு ஒரு பிளேட்லெட் கணக்கு

"இந்தக் கணக்குப்படி பார்த்தா உங்க நாய் உசுரோடவே இருக்கக் கூடாதுங்க," என்றார் விழுப்புரம் லேப் தொம்மை, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காலைல என் செருப்பத் தின்னுட்டுப் படுத்துக்கினு இருக்குது," என்றார் விருத்தாசலம்.

விருத்தாசலம் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, குமாஸ்தா. எண்பத்தாறில் ஜூலி போட்ட ஏழு குட்டிகள் தெருவில் அவருக்கு ஏழு விரோதிகளைச் சம்பாதித்துக் கொடுத்திருந்தன. இன்னொரு தடவை குட்டி போட்டால், பெட்டியோடு வளவனூர் அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி அஞ்சம்மாள் சொல்லிவிட்டாள். எனவே ஜூலிக்குக் கருத்தடை ஆபரேஷன். கால்நடை டாக்டரோ, உண்ணிக் காய்ச்சலில் கிடந்து எழுந்த நாய், ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் எவ்வளவு என்று சரியாகத் தெரியாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார். நாய் ரத்தத்தை எண்ணித்தர ஒப்புக்கொண்ட ஒரே ஆள் தொம்மை.

தப்பு பஸ்ஸில் நடந்திருந்தது. திண்டிவனத்தில் எடுத்து வெறும் பாட்டிலில் கொண்டுவந்த ரத்தம் வழியிலேயே உறைந்து, பிளேட்லெட்டெல்லாம் கட்டிக்குள் மாட்டிக்கொண்டன. அடுத்த முறைக்கு, உறையாமலிருக்க மருந்து போட்ட பாட்டிலைக் கொடுத்தனுப்பினார் தொம்மை. மருந்து நன்றாகக் கலக்கட்டுமென்று விருத்தாசலம் விழுப்புரம் வரை அதைக் குலுக்கிக்கொண்டே வந்தார். பக்கத்து சீட்டுக்காரர் கூட்டேரிப்பட்டில் இறங்கி வேறு பஸ் ஏறினார். குலுக்கிய குலுக்கலில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எண்ணிக்கை முன்னைவிடக் குறைந்தது.

"இந்த பேஜாரே வேணாம். நாயையே இட்டாந்துடுங்க," என்றார் தொம்மை.

கண்டக்டர் ஜூலிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். ஜூலி அதைத் தின்றது. லேபில் ஊசியைக் கண்டதும் மேஜைக்கடியில் புகுந்தது. இழுத்துப் பிடித்துத் தேடித் தேடிக் குத்தியதில் ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தது. கண்ணாடியில் தடவிப் பார்த்தால், கல்யாண வீட்டு வாசல் செருப்புகள் மாதிரி பிளேட்லெட்டுகள் குவியல் குவியலாகக் கிடந்தன. குவியலை எப்படி எண்ணுவது?

விருத்தாசலம் அசரவில்லை. தொம்மை அவரைவிட அசரவில்லை. நாய் நிம்மதியாக நின்றால்தான் ஒரே குத்தில் ரத்தம் கடகடவென்று வரும். நிம்மதிக்கு வழி பின்கட்டில் இருந்தது: தொம்மையின் நாய் டைகர். கொஞ்ச நேரம் அவனோடு விளையாட விட்டார்கள். திரும்பி வந்த ஜூலி நிறுத்திய இடத்தில் நின்றது. ஒரே குத்து. குவியலே இல்லை. இரண்டு லட்சத்துச் சொச்சம்.

"அப்ப ஆபரேஷனுக்குப் போலாமா?"

"ஒரு தடவ எண்ணுனா அது ஜோசியம் சார். அடுத்த வாரமும் வாங்க."

அடுத்த வாரமும் போனார். அதற்கடுத்த வாரங்களும் போனார். திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே ஜூலி வாலாட்டத் தொடங்கியது. ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தும் எண்ணிக்கை அசையவில்லை.

கடைசியில், பெட்டியைப் பரணில் ஏற்றும்படி அஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டு, ஜூலியோடு டாக்டரிடம் போனார். மனுஷனுக்கே யாரும் இவ்வளவு சுத்தமாக எண்ணுவதில்லை என்று டாக்டர் மெச்சினார். விருத்தாசலம் நாற்காலி நுனிக்கு வந்து செய்முறையை விளக்கினார். வேகமாகக் குத்த வேண்டும், மெதுவாகக் கலக்க வேண்டும், அதற்கெல்லாம் முன்னால் டைகரோடு அரை மணி நேரம் தனியாக விட வேண்டும்.

ஜூலியின் வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் கண்ணையன் கையை எடுத்தார்.

"அந்த டைகர் வூட்டு அட்ரஸ் இருக்குதுங்களா? குட்டி பொறந்தா சொல்லி அனுப்பணுமே."