வரிவிலக்கும் ஒரு மெதுவடையும்

திருக்கோகர்ணம் ரெங்கசாமியைத் தர்மவான் ஆக்கியது கம்பங்கூழ். சர்க்கரை இருநூற்று எண்பது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மனைவி சுகுணா மூன்று வேளையும் அதையே கரைத்து ஊற்றினாள். மனிதர் யோசித்தார். அறக்கட்டளை தொடங்கினார். வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்குத் தினமும் மத்தியானம் இலவசச் சாப்பாடு, வடை பாயசத்தோடு. வீட்டுக்குத் தெரியாமல் முதல் பந்தியில் முதல் இலை அவருக்கு. மூன்று வருஷமாக ஊரே அவரை வள்ளல் என்றது. கூழ் குடித்தும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்பதுதான் சுகுணாவுக்குப் புரியவில்லை.

வரிவிலக்குப் பதிவைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. ஆடிட்டர் கேட்ட காகிதங்களை எடுத்து வைக்கச் சோம்பல்பட்டு, "நீதான் டிகிரி படிச்சவ" என்று மனைவி தலையில் கட்டினார். சமையல்காரர் வீரய்யா தினமும் எழுதும் சாப்பாட்டு நோட்டும் அதில் போனது. அங்கேதான் கெட்டது காரியம்.

"ஏங்க, இதென்ன? செவ்வாய்க்கெழமை, ஐயாவுக்கு வடை நாலு, பாயசம் ரெண்டு டம்ளர்."

"அது வேற ஐயா."

"வீரய்யாவுக்கு எத்தனை ஐயா?"

"ருசி பாத்தேன் சுகுணா."

"நாலாவது வடையிலதான் ருசி தெரிஞ்சுச்சா?"

அங்கேயே ஆடிட்டர் அரவிந்த்குமாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "தம்பி, தர்மச் சாப்பாட்டை நிர்வாகி சாப்பிடலாமா?"

"ஐயோ, கூடவே கூடாதுங்க அக்கா! வரிவிலக்குக்கே ஆபத்து. விலக்குப் போனா நன்கொடை நிக்கும். அப்புறம் அடுப்பே எரியாது."

அடுத்த நிமிஷம் ரெங்கசாமியின் முகம் மலர்ந்தது. தன் மூளையை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

"நிர்வாகிதானே சாப்பிடக் கூடாது? ராஜினாமா பண்றேன்! நாளையிலேருந்து நான் சாதாரண ஜனம். எவன் கேப்பான்?"

"யோசிச்சுச் செய்ங்க. பின்னாடி வருத்தப்படக் கூடாது."

"வடைக்கு முன்னாடி பதவி என்ன பெரிய பதவி? எழுது லெட்டரை!"

எழுதினாள். பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அறக்கட்டளைப் பத்திரப்படி அடுத்த நிர்வாகி சுகுணா ஆனாள்.

மறுநாள் முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தும் வைத்தார். வடை வாளியோடு வந்த வீரய்யா அவரை மட்டும் தாண்டிப் போனார். பின்னாலேயே சுகுணா.

"எந்திரிங்க."

"எதுக்கு? இப்ப நான் யாரு?"

"நிர்வாகியோட வீட்டுக்காரரு. சொந்தக்காரங்களும் சாப்பிடக் கூடாதாம். ஆரம்பிச்சவரும் கூடாதாம். நீங்க ரெண்டுந்தான்."

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே!"

"நேத்து நீங்கதானே நிர்வாகி. ஒங்களுக்குத் தெரியாத சட்டமான்னு இருந்துட்டேன்."

மெதுவடை மணம் மூக்கைத் துளைத்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது அவருக்கு. "அப்ப நான் இங்கிட்டு என்னதான் செய்யலாம்?"

வீரய்யாவிடமிருந்து வாளியை வாங்கி அவர் கையில் மாட்டினாள் சுகுணா.

"பரிமாறலாங்க, அதுக்குச் சட்டத்துல தடையில்ல. எலைக்கு ஒண்ணு. எண்ணித்தான் போட்டிருக்கேன்."