வாயில் கரைய வேண்டும்

13.07.1981, திங்கள். இன்று ஒரு சிறு பிழை விட்டேன். மாமா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. வாயில் பழம் இருந்தது.

இதற்கு மேல் ஜவுபரால் எழுத முடியவில்லை. நோன்புக்காகத் தான் நடத்தும் மாலை வகுப்பை மூடியிருந்ததால் நாட்குறிப்பு எழுத நேரம் இருந்தது, முகம்தான் இல்லை.

குழந்தையை நிறுத்துப் பார்க்கும் கிளினிக் மிஸ்ஸி சொன்ன விதி எளிது. அவனுடைய எட்டு மாத மகள் றம்ஸியாவுக்குக் கொடுக்கும் தின்பண்டம் உருண்டையாகவோ கடினமாகவோ இருக்கக் கூடாது. பல் முளைக்காத ஈறுக்கு, வெறும் முரசுக்கு, அது மசிய வேண்டும்.

"நீ போய்ப் படு. நோன்போட குசினிக்குள்ள நிக்காத. நான் பாக்கன்," என்று மனைவி நஸீறாவை அன்று பகல் அறைக்குள் அனுப்பிவிட்டு ஜவுபர் அடுப்படியில் வேலையைத் தொடங்கியிருந்தான்.

பிஸ்கட்டை விரலால் நசுக்கினான். விரலுக்கு மசிவது நாக்குக்கும் மசியுமா? சந்தேகம் வந்துவிட்டால் அவனை விட்டுப் போகாது. ஒரு துண்டை நாக்கில் வைத்தான், அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கிணற்றடிக்கு ஓடிக் கொப்பளித்துத் திரும்பினால், அவித்து நீளமாக அரிந்து வைத்திருந்த கப்பல் வாழைப்பழத்தில் பாதியைக் காணவில்லை. காகமாக்கும் என்று நினைத்து, மிச்சத்தில் ஒரு துண்டை வாயில் வைத்தான்.

"மருமகன், அஸர் தொழப் பள்ளிக்கு வாறீங்களா?"

மாமா கச்சிமுகம்மது வாசலில் நின்றார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்கார். ஜவுபர் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. விழுங்கினால் நோன்பு முறியும். துப்பினால் பேர் கெடும். தலையை மட்டும் ஆட்டினான்.

"வாய் துறந்து கதைக்கமாட்டீங்களா? நான் ஏதும் பிழையாச் செல்லிட்டனா?"

தலையை மற்றப் பக்கம் ஆட்டினான்.

"சபூறா! மருமகன் என்னோட கோவம்!"

மாமி ஓடிவந்தார். "கோவமில்ல. கன்னத்தப் பாருங்க, வீங்கிரிக்கி. பல்லுக்குத்தா மருமகன்?"

ஜவுபர் நன்றியோடு தலையசைத்தான். அது அடுத்த பிழை.

"கராம்பு வெச்சா நிக்கும்," என்றார் மாமி.

"நோன்போடயா? உப்ப வறுத்து ஒத்தணம் குடு."

சூடான உப்புப் பொட்டணம் கன்னத்தில் விழுந்தது. கண்ணீர் வந்தது. அதைவிட மோசம், பழம் கரையத் தொடங்கியது. குழந்தைக்கு இதைவிடப் பாதுகாப்பான தின்பண்டம் இந்த ஊரிலேயே கிடையாது. எச்சிலோடு சேர்ந்து அது தொண்டையை நோக்கி நகர்ந்தது.

"வாயத் துறங்க, எந்தப் பல்லெண்டு பாப்பம்." மாமா தாடையைப் பிடித்தார்.

பழம் அவருடைய உள்ளங்கையில் விழுந்தது.

"நோன்பு நாளையில... மரைக்கார்ட ஊட்டில..." மாமா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"புள்ளைக்கு மசியுமா எண்டு பாத்தன் மாமா. விழுங்கல்ல. அல்லாஹ் அறிய விழுங்கல்ல." ஜவுபரின் காது இரண்டும் ஒத்தணம் படாமலே சுட்டன.

மாமா கையைக் கழுவினார். மெதுவாகத்தான் கழுவினார்.

"புள்ளைக்காக ருசி பாக்கலாம். விழுங்காட்டிக் குத்தமில்ல. ஆனா ஊட்டில நோன்பில்லாத ஆள் இருந்தா அவங்கதான் பாக்கோணும். இஞ்ச எல்லாரும் நோன்பு, நீங்கதான் என்ன செய்யிற?"

சத்தம் கேட்டு நஸீறா அறை வாசலுக்கு வந்தாள். அவளுடைய ஒரு கன்னமும் புடைத்திருந்தது.

"என்ன புள்ள, ஒனக்கும் பல்லுக்குத்தா?" என்று மாமா பதறினார்.

அவள் தலையசைத்தாள்.

மாமி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "பல்லுக்குத்துமில்ல, ஒண்டுமில்ல. பால் குடுக்கிறவக்கு எங்க நோன்பு? ஒங்க ரெண்டு பேருக்கும் வெக்கப்பட்டு நோன்பு தொடங்கின நாளையிலிருந்து ஒளிச்சித் தின்னுறா!"

ஜவுபர் நாட்குறிப்பில் மிச்சத்தை எழுதினான்.

நாளைய வேலை: கப்பல் பழம் ஒரு சீப்பு வாங்குவது. ருசி பார்க்க நஸீறாவிடம் கொடுப்பது.