விளக்கு என்று ஒரு சொல்

விருத்தாசலத்தில் பேச்சுக்கு வரி போட்டால், ஒரு பைசாகூடக் கட்டாமல் தப்பிக்கிற ஒரே மனிதர் எங்கள் ‘ஒத்தச்சொல்லு’ அண்ணன்தான். நான் ஆபீஸ் வேலை பார்க்கும் செராமிக் யூனிட்டில் பேக்கிங் அவர் பொறுப்பு. காலையில் “டீ” என்பார். சாயங்காலம் “பஸ்ஸு” என்பார். நடுவில் தலையாட்டல்தான்.

பெண் பார்க்கப் போன இடத்தில் “புடிச்சிருக்குதா?” என்று கேட்டதற்கு, “ரொம்ப” என்றாராம். “என்னையா, கேசரியையா? சொல்லித் தொலைங்களேன்!” என்று அவர் சம்சாரம் இன்றைக்கும் கேட்கிறார். அண்ணனின் பதில், “ஆமா.”

தீபாவளி நெருங்கிய நேரம். முதலாளி வெளியூரில் இருந்தார். ஜெய்ப்பூர் வியாபாரிக்கு அகல் விளக்கு தயார் என்று தகவல் சொல்லும் வேலை அண்ணன் தலையில் விழுந்தது. ஆபீஸ் செல்போனில் மொழிபெயர்க்கும் செயலி உண்டு. தமிழில் அடித்தால் இந்தியில் போகும், இந்தியில் வந்தால் தமிழில் காட்டும். அண்ணன் அடித்தது ஒரே சொல்: “விளக்கு.”

முன்னும் பின்னும் துணையில்லாமல் தனியாக வந்த சொல்லை அது என்ன செய்யும்? ‘விளக்கிச் சொல்’ என்று அனுப்பிவிட்டது.

வியாபாரி பதறிப்போய், இத்தனை நாள் பேசாததற்குத் தங்கை கல்யாணத்தைக் காரணம் சொன்னார். அண்ணன் மறுபடி, “விளக்கு.” அவர் மழையைச் சொன்னார். மறுபடி, “விளக்கு.” மனிதர் உடைந்தே போனார். பாதிச் சரக்கை வேறு ஊரில் வாங்கப் பேசிவிட்டதை ஒப்புக்கொண்டார்.

அண்ணன் வெளுத்த முகத்தோடு போனை என்னிடம் நீட்டினார். “போச்சு.”

பதில்களைப் படித்ததும் எனக்கு விஷயம் புரிந்தது. “பெட்டியில் அடுக்கிய அகல் விளக்கு தயார், லாரி எப்போது வரும்?” என்று அடித்தேன். இந்த முறை சரியாகப் போனது.

“இந்த ஆப்பு அக்கம்பக்கத்துல விசாரிச்சுத்தாண்ணே ஆளைக் கண்டுபுடிக்குது. பெட்டி, லாரின்னு கூட நாலு வார்த்தை நின்னாத்தான் அதுக்குத் தெரியும்” என்றேன்.

விஷயம் தெரிந்து வியாபாரி விழுந்து விழுந்து சிரித்தார். உளறிவிட்ட கூச்சத்திலோ என்னவோ, முழுச் சரக்கையும் எங்களிடமே எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணன் எந்தச் சொல்லையும் தனியாக வெளியே விடுவதில்லை. “குடிக்கிற டீ, கிளாஸுல, சக்கரை போட்டு, எனக்கு” என்றார் கடையில்.

“குடிக்காத டீ எங்கிட்ட இல்லீங்களே!” என்றார் கடைக்கார அம்மா.

போன மாதம் நான் காய்ச்சலில் சேத்தியாத்தோப்பு வீட்டில் படுத்திருந்தேன். அண்ணனிடமிருந்து செய்தி வந்தது:

“வா. ஒடனே இல்ல. நல்லா தேறுனப்புறம், கூட்டமில்லாத பஸ்ஸா பாத்து, ஜன்னலோரமா உக்காந்து, மெதுவா வா. நீ இல்லாம இங்க ஒண்ணும் நல்லா இல்ல.”

காய்ச்சலோடே பஸ் ஏறிவிடலாமா என்றிருந்தது எனக்கு.