இடுப்பில் ஒரு ‘டொக்’

‘காரணம் சொல்லி’ என்று ஓர் இனம் உண்டு, வாசகரே. மருத்துவம் படித்தவர்கள் அல்லர்; படிக்கும் உத்தேசமும் கிடையாது. யாருக்காவது உடம்பில் ஏதோ என்று காதில் விழுந்தால் போதும், கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைத்து, கண்ணைச் சுருக்கி, “அது வேற ஒண்ணுமில்ல” என்று ஆரம்பித்து, அதற்குப் பிறகு ஏழு காரணம் சொல்வார்கள்.

என் மனைவியின் அண்ணன் அதில் உயர்ரகம். லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளியில் தடை தாண்டி ஓடுகிறவள். மாடிப்படி ஏறும்போதெல்லாம் அவள் இடுப்போரம் ‘டொக்’ என்று சத்தம் வந்தது. வலி இல்லை. ஆனால் மாமன் காதில் விழுந்துவிட்டதே! முதல் நாள் சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்றார். மறுநாள் செல்போனோடு சாய்ந்தே கிடப்பது என்றார். ஞாயிற்றுக்கிழமை, கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவளைத் தப்பாகத் தூக்கியது என்றார். கடைசியில் தன் தொழிலுக்கே வந்து சேர்ந்தார்.

“சத்தம் வந்தா தேயுதுன்னு அர்த்தம், மாப்பிள்ளை. தேயுறத ஓட விடலாமா?”

மகள் நம்பிவிட்டாள். பயிற்சிக்குப் போவதை நிறுத்தினாள். காலை மடக்காமல் படியேறினாள். ஒரு சாயங்காலம் மெதுவாகக் கேட்டாள்: “அப்பா, எலும்பு முழுசா தேய எத்தன வருஷம் ஆகும்?”

மறுநாளே பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் அழைத்துப் போனேன். விசித்திரமான மனுஷி. காரணம் சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்டார். ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தாள், தினமும் எத்தனை தடை தாண்டுகிறாள், எந்தக் கால் முதலில் போகும் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, இடுப்பில் உள்ளங்கையை வைத்துக் காலை மடக்கி நீட்டினார். டொக்.

“எலும்பு தேயலம்மா. எலும்பு மேட்டு மேல தசைநார் வழுக்கிப் போற சத்தம் இது. எலும்பு சரசரன்னு வளந்துடுச்சு, தசை இன்னும் எட்டிப் பிடிக்கல. இறுகிக் கெடக்குறத வெச்சுக்கிட்டு தெனம் அறுபது தடவ அதே கால வீசியிருக்கே.”

இரண்டு மாதம் தடை தாண்டக் கூடாது, தசையை நீட்டும் பயிற்சி மட்டும், வலி வந்தால் உடனே வரவேண்டும் என்றார். மாவட்ட அணிக்கான தேர்வு கைநழுவியது. இரண்டு நாள் அழுதாள். பிறகு கூடத்தில் பாயை விரித்துப் பயிற்சியைத் தொடங்கினாள். மூன்றாம் மாதம் மைதானத்துக்குத் திரும்பினாள்.

மாமன் வந்தார். “நான் அன்னைக்கே சொன்னேன்ல, வளர்ச்சிதான்னு” என்றார். என் மனைவி எல்லோருக்கும் டீ போட்டாள். அவருக்கு மட்டும் இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அவள் படியேறுவதைப் படித்தபோதே உங்களுக்கும் ஒரு காரணம் தோன்றியதே, அது என்ன? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்கள் பாருங்கள்.